அத்தியாயம் 6: கீழே வெட்டு, கெயினைக் குறை

ஒரகடம் முதல் செம்பரம்பாக்கம் வரை, ரூம் எடுத்துத் தங்கி ஷிஃப்ட்டுக்குப் போய்வரும் கிட்டார்காரர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். தனியாக வாசித்தால் சுவர் அதிர்கிறது. டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் கிட்டார் எங்கே போனதென்றே தெரிவதில்லை. உடனே கெயினை ஏற்றுகிறார்கள். பாஸ் குமிழை ஏற்றுகிறார்கள். மிட்டை இறக்குகிறார்கள். கிட்டார் இன்னும் ஆழமாகப் புதைகிறது. இந்த அத்தியாயம் மூன்று குமிழ்களையும் எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லும். அதற்கான காரணத்தையும் சொல்லும். காரணம் புரிந்தால், வேறு ஆம்ப், வேறு அறை, வேறு டியூனிங் என்று வரும்போது நீங்களே முடிவெடுக்கலாம்.

இன்றைய மெட்டல் ரிதம் ஒலிக்கு வேண்டியவை சிலதான். ஒவ்வொரு அடியும் சட்டென்று தொடங்கி, சட்டென்று முடிய வேண்டும். இரண்டு அடிகளுக்கு நடுவில் வரும் மௌனத்தில் இரைச்சல் இருக்கக்கூடாது. கார்டு பிடித்தால் அதிலுள்ள சுரங்கள் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். லேம்ப் ஆஃப் காட், கோஜிரா, மெஷுகா குழுக்களின் பதிவுகளை ஹெட்ஃபோனில் போட்டு, கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். நினைத்ததைவிட டிஸ்டார்ஷன் குறைவு என்பது தெரியவரும். கனம் வாசிப்பின் கறாரிலிருந்தும், கீழ் அதிர்வெண்களை எந்தக் கருவிக்கு எவ்வளவு என்று பங்கிட்ட விதத்திலிருந்தும் வருகிறது.

கை

முதல் வேலைக்கு ஆம்பே வேண்டாம். டிஸ்டார்ஷன் இல்லாமல், சுத்தமான ஒலியில் ஒரு ரிஃப்பை பாம் மியூட் செய்து வாசித்து, போனில் பதிவு செய்யுங்கள். வலது உள்ளங்கையின் விளிம்பு, தந்திகள் பிரிட்ஜை விட்டுக் கிளம்பும் இடத்தில் படிய வேண்டும். சில மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தால் சுரம் செத்து வெறும் தட்டல் மிஞ்சும். பின்னே நகர்ந்தால் தந்தி திறந்து ஒலிக்கும். சுரம் இன்னதென்று தெரிய வேண்டும், ஆனால் நீளக்கூடாது. அந்த இடம் ஒவ்வொருவர் கைக்கும், ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் மாறும். உங்கள் கைக்கான இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிக் தடிமனாக இருக்கட்டும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தது வளைந்துகொடுத்து அடியின் முனையை மழுக்கிவிடும். பலர் கையில் இருக்கும் டன்லப் ஜாஸ் 3 வகை 1.38 மில்லிமீட்டர். அதன் கூர்முனையும் சிறிய உடலும் இந்த வாசிப்புக்கு நன்றாக ஒத்துவருகின்றன.

அடி கீழ்நோக்கியே விழட்டும். மேலும் கீழுமாக மாற்றி அடித்தால் வேகம் எளிது. ஆனால் மேலடி கீழடியைவிட மெலிந்தே ஒலிக்கும், ரிஃப் நொண்டும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் 1986இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாடலின் ரிஃப்பை நிமிடத்துக்கு 200 தாளத்துக்கும் மேலான வேகத்தில் கீழடியாகவே வாசிக்கிறார். நம் செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிப் போகும் இதே பெங்களூரு நெடுஞ்சாலையின் மறுமுனையில், 2011 அக்டோபர் 30 அன்று, அரண்மனை மைதானத்து மேடையில் அந்தக் குழு வாசித்தது. மெட்ரோனோமில் 120இல் தொடங்குங்கள். முழங்கை இறுகினால் வேகத்தைக் குறையுங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்து வரவேண்டும். சுத்தமான ஒலியில் பதிவு செய்தது கனமாகக் கேட்காவிட்டால், எந்த ஆம்பும் அதைக் கனமாக்காது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தந்தியும் டியூனிங்கும்

மெட்டலின் தாழ்ந்த டியூனிங்குக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை விபத்து இருக்கிறது. 1965இல் பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், 17 வயது டோனி அயோமியின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. இடக்கை வாசிப்பாளர் அவர். போனவை தந்தியை அழுத்தும் வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள். தொழிற்சாலை மேலாளர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்கக் கொடுத்தார். தீக்காயத்தால் இரண்டு விரல்கள் முடங்கியும் வாசித்துக் காட்டியவர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார். 1971இல் பிளாக் சபாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் டியூனிங்கை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்ததால் விரலுக்கு வலி குறைந்தது, ஒலிக்கு ஆழம் கூடியது. பிரஸ் ஷாப்பில் நின்று வேலை பார்ப்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த இசை அவர்கள் மாதிரி ஒருவரின் கையிலிருந்து வந்தது.

ஆனால் இன்றைய ஒலிக்குத் தளர்ந்த தந்தி ஆகாது. சாதாரண டியூனிங்கில் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. டிராப் சி டியூனிங்கில் அது 65.4 ஹெர்ட்ஸ். தந்தியை மாற்றாமல் அப்படியே இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 37 சதவீதம் குறைந்துபோகும். அடித்தவுடன் சுரம் ஒரு கணம் மேலே எகிறிப் பிறகு இறங்கும், கார்டுகள் அபசுரமாகும். பழைய இழுவிசை முழுவதும் வேண்டுமானால் 46 எண் தந்திக்குப் பதில் 58 எண் வேண்டும். நடைமுறையில் 54 முதல் 56 வரை போதும். அதற்கு மேல் தடித்தால் பிக் முனையின் தெளிவு மங்குகிறது. ஏழு தந்திக் கிட்டாரின் பி தந்தி 61.7 ஹெர்ட்ஸ், டிராப் ஏ என்றால் 55 ஹெர்ட்ஸ். அவ்வளவு ஆழம் போகிறவர்கள் கழுத்து நீளமான கிட்டாரைப் பார்ப்பது நல்லது. 25.5 அங்குலத்தைவிட 26.5 அல்லது 27 அங்குல ஸ்கேலில் அதே தந்தி இறுக்கமாக நிற்கும்.

தடித்த செட் போட்டால் நட்டில் உள்ள பள்ளத்தை அகலப்படுத்த வேண்டிவரும், கழுத்துக் கம்பியைக் கால் சுற்று திருத்த வேண்டிவரும், இன்டனேஷனைப் புதிதாக வைக்க வேண்டும். முதல் தடவை கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுத்துச் செய்வது மேல். 1842 முதல் சென்னையில் இயங்கும் மியூஸி மியூசிக்கல் போன்ற அண்ணா சாலைக் கடைகளுக்கு ஒரு வாரவிடுமுறையில் போய்வந்துவிடலாம். தந்தி வாங்கும்போது இரண்டு செட்டாக வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே காற்றில் ஈரம் குறைவதே இல்லை. தந்தி துரு ஏறும், மரக் கழுத்து அசையும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகளோடு வரும் அந்தப் பொட்டலங்களை யாரும் எறியாதீர்கள்.

டியூன் செய்யும்போது ரிஃப்பில் அடிக்கும் அதே பலத்தோடு அடித்து டியூன் செய்யுங்கள். மென்மையாகத் தொட்டு டியூன் செய்த தந்தி, பலமாக அடித்தால் ஏறித்தான் ஒலிக்கும்.

எர்த் இல்லாத பிளக்

வெளிநாட்டுப் பாடங்களில் 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்று படித்திருப்பீர்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் இங்கே ஹம் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று அடுக்காக வரும். தாழ்ந்த டியூனிங்கில் உங்கள் தந்திகள் ஒலிக்கும் இடமும் அதுதான். ஈக்யூவால் ஹம்மை எடுத்தால் கிட்டாரின் சதையும் கூடவே போகும். வேரிலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் சார்ஜருடையது. வாடகை அறைகள் பலவற்றில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ரீங்காரம் கூடினால், அது சைன் அலை தராத வகை இன்வெர்ட்டர். அந்த நேரத்தில் பதிவு செய்யாதீர்கள். போன் சார்ஜரையும் டியூப் லைட் சோக்கையும் பிக்கப்புக்குப் பக்கத்தில் விடாதீர்கள். இரைச்சலை நிறுத்துவதற்காக ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கு ஆபத்து. உங்கள் இரண்டு கையும் உலோகத் தந்தியைப் பிடித்திருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

டிஸ்டார்ஷனுக்கு முன்னால்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: கீழ் அதிர்வெண்களை டிஸ்டார்ஷனுக்குள் நுழையும் முன்பே வெட்ட வேண்டும்.

டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டுவது. ஒரு சுரம் உள்ளே போனால் அதன் மேல் அடுக்குகள் பிறக்கும். இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடப் பிறக்கும். டிராப் சியில் பவர் கார்டு அடிக்கிறீர்கள், 65.4 ஹெர்ட்ஸும் 98 ஹெர்ட்ஸும் உள்ளே போகின்றன. கழித்தலாக ஏறத்தாழ 32.6 ஹெர்ட்ஸ் வெளியே வருகிறது. நீங்கள் வாசிக்காத, ஓர் எட்டுச்சுரம் கீழே உள்ள சி அது. கொஞ்சம் இருந்தால் அதுவே பவர் கார்டின் பலம். மிஞ்சினால் சேறு. தடித்த தந்தியின் கீழ் அதிர்வுதான் சிக்னலில் பெரும்பங்கு. அதுவே ஆம்பை முதலில் நிரப்பி, மற்ற எல்லாவற்றையும் தன்னோடு சேர்த்து வெட்ட வைக்கிறது. பிக் முனையின் ஒலி அதில் மூழ்கிவிடுகிறது. பின்னால் ஈக்யூ போட்டு மீட்க முடியாது. மாவில் தண்ணீர் கூடிவிட்டால், கல்லில் எவ்வளவு நேரம் வைத்தாலும் தோசை மொறுமொறுப்பாகாது.

இதற்கு மெட்டல்காரர்கள் பயன்படுத்தும் கருவி ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடல். 1970களின் கடைசியில் டிஎஸ்808 ஆகவும், 1982இல் டிஎஸ்9 ஆகவும் வந்தது. மெட்டலுக்காகச் செய்ததல்ல, ப்ளூஸ் வாசிப்பவர்களின் பெடல். அதன் சர்க்யூட்டில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே போகும். அந்தக் குணம்தான் நமக்கு வேண்டும். டிரைவ் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். லெவலை முழுதாக, அல்லது கிட்டத்தட்ட முழுதாக ஏற்றுங்கள். டோன் நடுவில். பெடல் தன்னளவில் பெரிதாக டிஸ்டார்ட் செய்யாது. கீழ்ப்பகுதியை மெலித்து நடுப்பகுதியைத் தள்ளிக்கொண்டு ஆம்புக்குள் அனுப்பும். போட்டுப் பாருங்கள், எடுத்துப் பாருங்கள். தனியாகக் கேட்டால் பெடல் போட்டபோது கிட்டார் சற்று மெலிந்ததாகத் தோன்றும். டிரம்ஸோடு கேட்டால் எது மெலிந்தது என்பது தெளிவாகும். பாஸ் நிறுவனத்தின் மஞ்சள் நிற எஸ்டி-1 பெடலும் இதே வேலையைச் செய்யும், விலையும் குறைவு. மென்பொருளில் வாசிப்பவர்களுக்கு இதன் நகல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆம்ப்

இந்த ஒலியின் தாய்வீடுகள் இரண்டு. எடி வான் ஹாலனுடன் சேர்ந்து பீவி 1992இல் கொண்டுவந்த 5150. பின்னாளில் அவர் பிரிந்த பிறகு 6505 என்று பெயர் மாறியது. இன்னொன்று அதே காலத்தில் வந்த மேசா பூகியின் டூயல் ரெக்டிஃபையர். முன்னது இறுக்கமானது, முனை கூரானது. பின்னதன் அடி விரிந்தது, முன்னால் டியூப் ஸ்க்ரீமர் இல்லாமல் வேகமான ரிஃப்புக்கு அடங்காது. நீங்கள் வாங்கும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியிலோ மென்பொருளிலோ இந்த இரண்டின் நகல்கள் வேறு பெயர்களில் இருக்கும். தேர்ந்தெடுக்கத் தயங்கினால் 5150 வகையில் தொடங்குங்கள்.

கெயினை வைக்கும் முறை இது. பூஜ்யத்தில் தொடங்குங்கள். பாம் மியூட் ரிஃப்பை விடாமல் வாசித்தபடி, இன்னொரு கையால் முடியாதென்பதால் நண்பரை வைத்தோ நிறுத்தி நிறுத்தியோ, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சுரம் உயிரோடு நிற்கத் தொடங்கும் ஓரிடம் வரும். ரிஃப்பிலுள்ள மிக நீளமான கார்டு தேவையான நேரம் வரை தொய்யாமல் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலும் 4க்குப் பக்கத்தில் முடியும். அதற்குமேல் ஏற்றினால் அலையின் உச்சி முழுக்கத் தட்டையாகி, அடிக்கும் அடிக்காத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துபோகும். அந்த வித்தியாசம்தான் நெஞ்சில் இடிக்கிறது.

மற்ற குமிழ்களுக்குத் தொடக்க இடம்: பாஸ் 4, மிட் 5, டிரெபிள் 6, பிரசென்ஸ் 5, ரெசனன்ஸ் இருந்தால் 4. மிட்டை 3க்குக் கீழே இறக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கிட்டார் குடியிருக்கும் இடம் மிட். 500 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரை காலி செய்துவிட்டால், கீழே பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும், மேலே சிம்பலும் இருக்க, கிட்டாருக்கு நிற்க இடமில்லை.

கேபினட்

ஆம்பைவிடக் கேபினட்டும் மைக்கும்தான் ஒலியை அதிகம் மாற்றுகின்றன. ஆனால் புதிதாக வருபவர்கள் ஆம்ப் மாடல்களை மாற்றி மாற்றிப் பார்த்து மாதங்களைச் செலவிடுகிறார்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக விழுந்துவிடும். அந்த விழுதல் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராக ஹெட்ஃபோனில் கேட்டால் காதைக் கிழிக்கும். மென்பொருளில் இந்த வேலையைச் செய்வது ஐஆர் கோப்பு. ஒரு கேபினட்டின் முன்னால் ஓர் இடத்தில் மைக்கை வைத்து எடுத்த அச்சு அது.

மெட்டலில் அதிகம் புழங்கும் கூட்டணி, செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர்கள் நான்கு பூட்டிய கேபினட்டும் ஷூர் எஸ்எம்57 மைக்கும். மைக் ஸ்பீக்கர் கூம்பின் நடுவை நேராகப் பார்த்தால் ஒலி கூராக இருக்கும். விளிம்புப் பக்கம் ஓர் அங்குலம் நகர்ந்தாலே இருளும். ஐஆர் தொகுப்பில் வரிசையாக எண்ணிட்ட கோப்புகள் இந்த நகர்வுகள்தான். டிரெபிள் குமிழோடு போராடுவதற்குப் பதிலாக ஐஆரை மாற்றிப் பாருங்கள். ஐந்தாறு கோப்புகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவற்றை வேறு ஃபோல்டரில் ஒதுக்கிவிடுங்கள். ஆயிரம் கோப்பு வைத்திருப்பவர் வாசிப்பதே இல்லை.

விண்டேஜ் 30 ஸ்பீக்கர்களில் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு விசில் ஒளிந்திருக்கும். ஈக்யூவில் ஒடுங்கிய பட்டையை ஏற்றி அந்தப் பகுதியில் மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் காது கூசும். அங்கே 3 அல்லது 4 டெசிபல் குறைத்தால் போதும்.

இப்படி அறைக்குள் செய்வது மட்டமான வழி என்று யாராவது சொன்னால், டெல்லியின் கேஷவ் தர் தன் வீட்டில் இருந்தபடியே கட்டி எழுப்பிய ஸ்கைஹார்பரின் 2012 ஆல்பத்தைப் போட்டுக் காட்டுங்கள். லைன் 6 பாட் பெட்டியை வைத்து வீட்டிலேயே பதிவு செய்த அமெரிக்க இளைஞர்களில் பெரிஃபெரியின் மிஷா மன்சூர் ஒருவர்; மெஷுகாவே நிஜ ஆம்புகளை விட்டு லைன் 6 வெட்டாவுக்குப் போன காலம் உண்டு. இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறமூல மென்பொருள் இலவசம். ரீப்பர் பதிவு மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்த்துப் பிறகு 60 டாலர் தள்ளுபடி உரிமம் வாங்கலாம். வாங்கிவிடுங்கள், நாம் ஊதியத்துக்கு உழைப்பதுபோலத்தான் அதை எழுதியவர்களும் உழைத்திருக்கிறார்கள்.

இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான இன்ஸ்ட்ருமென்ட் பொத்தானை அழுத்துங்கள். எவ்வளவு பலமாக அடித்தாலும் சிவப்பு விளக்கு எரியக்கூடாது. பஃபரை 128இல் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒருவழித் தாமதம் 2.7 மில்லிவினாடி. போய்வர 10 மில்லிவினாடிக்குள் இருந்தால் கை தாளத்தில் நிற்கும்.

ஷிஃப்ட் முடிந்த காது

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்காக இந்தப் பகுதி. மற்ற நூல்களில் இது இருக்காது.

இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. அந்தச் சத்தத்தில் ஒரு ஷிஃப்ட் நின்றுவிட்டு வரும் காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும். சத்தத்தால் வரும் கேட்புக் குறை முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. கிட்டாரின் கூர்மையும் கரகரப்பும் இருப்பதும் அங்கேதான். எனவே பிரஸ் ஷாப்பிலிருந்தோ வெல்டிங் லைனிலிருந்தோ வந்த கையோடு ஒலியைத் திருத்த உட்கார்ந்தால், கிட்டார் மங்கலாகத் தோன்றும். டிரெபிளை ஏற்றுவீர்கள், பிரசென்ஸை ஏற்றுவீர்கள். மறுநாள் காலையில் கேட்டால் காது கூசும். ஷிஃப்ட் முடிந்த நாளில் வாசித்துப் பழகுங்கள், ரிஃப் எழுதுங்கள், மெட்ரோனோமோடு கீழடி பயிலுங்கள். குமிழ்களை மட்டும் தொடாதீர்கள். குமிழ் வேலையைத் தூங்கி எழுந்த பிறகோ வாரவிடுமுறையிலோ வைத்துக்கொள்ளுங்கள். காதில் ரீங்காரம் கேட்கும் நாளில் ஹெட்ஃபோனையே எடுக்காதீர்கள். அது அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பாருங்கள். கம்பெனி கொடுக்கும் இயர் பிளக்கைக் கட்டாயம் போடுங்கள், ஒத்திகையிலும் போடுங்கள். போன கேட்புத்திறன் திரும்பி வராது.

அடுத்தது, அறையில் பக்கத்துக் கட்டிலில் நைட் ஷிஃப்ட் முடித்தவர் தூங்குவார். நீங்கள் மெல்லிய சத்தத்தில்தான் வாசிக்க முடியும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டியபடி, சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காது கீழ் அதிர்வெண்களையும் மிக உயர்ந்தவற்றையும் குறைத்தே கேட்கும். அந்தக் குறையை நிரப்ப நாம் பாஸையும் டிரெபிளையும் ஏற்றுகிறோம். ஒத்திகை அறையில் சத்தத்தை உயர்த்தியவுடன் அவை இரண்டும் பூதாகரமாகி மிட் காணாமல் போகிறது. இதற்குத் தீர்வு, தெரிந்த ஒரு பாடலை அளவுகோலாக வைத்துக்கொள்வது. பதிவு மென்பொருளில் அதை ஒரு டிராக்கில் போட்டு, உங்கள் ஒலிக்கு இணையான சத்தத்துக்கு இறக்கி, மாறி மாறிக் கேளுங்கள். மெல்லிய சத்தத்தில் அந்தப் பாடலும் பாஸ் குறைவாகத்தான் கேட்கும். உங்கள் கிட்டாரும் அதேபோலக் குறைவாகவே கேட்கட்டும். அளவுகோல் பாடல் உங்கள் டியூனிங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சமஸ்கிருத மந்திரங்களோடு மெட்டல் வாசிக்கும், 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ராவைப் போன்ற அடர்ந்த ஒலி வேண்டுமா, ஸ்கைஹார்பர் போல இடைவெளி விட்ட தெளிந்த ஒலி வேண்டுமா என்பதையும் இந்த இடத்தில் முடிவு செய்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் தேடினால் இரண்டும் கிடைக்காது.

பாஸ் கிட்டாரும் இரண்டாவது கிட்டாரும்

பதிவுகளில் நாம் கிட்டாரின் கனம் என்று நினைத்துக் கேட்பதில் பாதி பாஸ் கிட்டாருடையது. அதன் கீழ்த் தந்தி சாதாரண டியூனிங்கில் 41.2 ஹெர்ட்ஸ். அந்தத் தளத்தை அதற்கே விட்டுவிடுங்கள். கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹைபாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். தேவைப்பட்டால் 100 வரை போகலாம். மேலே 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது சிம்பலுக்கு இடைஞ்சல், அதையும் வெட்டுங்கள். பாஸ் கிட்டாருக்குக் கொஞ்சம் டிஸ்டார்ஷன் கொடுத்தால் இரண்டும் ஒரே கருவிபோல ஒட்டிக்கொள்ளும். பாஸ் வாசிப்பவர் கிடைக்காவிட்டால் நீங்களே வாசித்துப் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் கிட்டார் ஒலியைத் தீர்மானிக்க உட்காராதீர்கள்.

பாம் மியூட் அடிக்கும்போது மட்டும் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை ஒரு வீக்கம் வரும். திறந்த கார்டில் அது இருக்காது. சாதாரண ஈக்யூவால் வெட்டினால் திறந்த கார்டு மெலியும். மல்டிபேண்ட் கம்ப்ரஸரை அந்தப் பட்டைக்கு மட்டும் வைத்து, பாம் மியூட் வரும்போது 3 டெசிபல் அளவுக்கு அமுக்கும்படி செய்யுங்கள். ஆண்டி ஸ்னீப் என்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளரின் பெயரோடு மெட்டல் உலகில் புழங்கும் உத்தி இது.

அகலம் வேண்டுமென்றால் ஒரே ரிஃப்பை இரண்டு முறை வாசித்து, ஒன்றை முழுக்க இடதிலும் மற்றதை முழுக்க வலதிலும் வையுங்கள். ஒரே பதிவைக் காப்பி செய்து இரு பக்கமும் போட்டால் சத்தம் கூடும், அகலம் வராது. இரண்டு வாசிப்புக்கும் நடுவிலுள்ள நுண்ணிய வேறுபாடுதான் காதுக்கு அகலமாகப் படுகிறது. வேறுபாடு மிஞ்சினால் அடிகள் சிதறும். எனவே இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொரு நிறுத்தமும் முதலாவதோடு பொருந்தும் வரை திரும்பத் திரும்ப எடுங்கள். இரண்டு டிராக்குகள் சேரும்போது டிஸ்டார்ஷனும் சேர்ந்துகொள்ளும். கெயினை இன்னும் ஒரு புள்ளி இறக்குங்கள்.

நாய்ஸ் கேட்டைப் பெடலுக்கு முன்னால் வையுங்கள். கிட்டாரைத் தொடாமல் இருக்கும்போது மூடிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். நீளமான கார்டின் வாலை அது கடித்துத் தின்றால் உயரம் கூடிவிட்டது என்று பொருள். அடிக்காத தந்திகள் தாமாக அதிர்வதைக் கேட் தடுக்காது. நட்டை ஒட்டித் தலைமுடி ரப்பர் பேண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் அது நின்றுவிடும்.

மேடையில்

மேடைக்குப் போகும் முன் உங்கள் பிரீசெட்டின் நகல் ஒன்றைத் தனியாகச் சேமியுங்கள். அதில் மிட் ஒரு புள்ளி கூட, கெயின் ஒரு புள்ளி குறைய, பாஸ் ஒரு புள்ளி குறைய இருக்கட்டும். ரிவெர்ப் வேண்டாம், மண்டபமே அதைத் தந்துவிடும். கல்லூரி விழாக்களில் சவுண்ட் பார்ப்பவருக்கு மெட்டல் பழகியிருக்காமல் போகலாம். கிட்டாரில் பாஸ் ஏற்ற வேண்டாம், பாஸ் கிட்டாரையும் கிக்கையும் நன்றாகத் தூக்குங்கள் அண்ணா என்று சவுண்ட் செக்கில் முன்கூட்டியே சொல்லுங்கள். நிஜக் கேபினட் கொண்டுபோனால், அது உங்கள் முழங்காலைப் பார்த்து ஒலிக்கிறது என்பதைக் கவனியுங்கள். கிட்டார் ஸ்பீக்கரின் உயர் அதிர்வெண்கள் டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகும், மேலே ஏறாது. நின்றபடி கேட்கும் உங்களுக்கு மங்கலாக இருப்பது முன்வரிசைக்குக் குத்தும். இயர் பிளக்கோடு நாலடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, காதை ஸ்பீக்கரின் உயரத்துக்குக் கொண்டுவந்து டிரெபிளையும் பிரசென்ஸையும் வையுங்கள். கூட்டத்துக்குப் போவது அந்த ஒலிதான்.